இருசப்பன் வெட்டிய குகைக் கிணறு

ஊசுட்டேரிக்கு வடக்கே இருந்த அந்த ஊரில், 1971-ஆம் வருடம் வைகாசியில் இருசப்பன் வீட்டுக்கு இரண்டு புது வரவுகள். ஒன்று, கொல்லையில் வெட்டி முடித்த கிணறு. இன்னொன்று, உறுவையாறு என்கிற ஊரிலிருந்து வந்த மருமகள் அமுதம். கிணற்றைப் பார்க்க வந்த கூட்டத்தில் பாதிகூடப் பெண்ணைப் பார்க்க வரவில்லை என்பதை இருசப்பன் வெட்கமில்லாமல் பெருமையாகவே சொல்லிக்கொண்டிருந்தார்.

பெருமைக்குக் காரணம் இருந்தது. அந்த ஊரில் இரண்டு முழம் தோண்டினால் வெள்ளைப் பாறை. அதோடு மல்லுக்கட்டத் தெம்பில்லாமல் ஊரே ஏரித் தண்ணீரைக் குடத்தில் சுமந்தது. இருசப்பன்தான் முதலில் பாறையை உடைத்தார். மாசி மாதம், இருபத்தைந்து அடி ஆழத்தில் பக்கச் சுவரைக் குத்தியபோது கடப்பாரை கையிலிருந்து உருவிக்கொண்டு உள்ளே போய்விட்டது. எட்டிப் பார்த்தால், ஓர் ஆள் குந்தி நுழைகிற அளவுக்குக் குகை! செஞ்சிக் கோட்டைக்குப் போகிற ராஜாக்களின் சுரங்கம் என்றது ஊர். பத்தடி தவழ்ந்தால் முட்டுச் சுவர் என்பது இருசப்பனுக்குத் தெரியும். ஆனால் வலிய வந்த மரியாதையை எந்த மடையன் வேண்டாமென்பான்? அதற்கும் கீழே பத்தடியில் தண்ணீர் கண்டது. கண்ணாடி மாதிரித் தண்ணீர்.

கல்யாணமான எட்டாம் நாள் கிணற்றுக்குப் பூஜை போட்டு முதல் குடம் இறைத்தார்கள். அன்றைக்கே அவர் மனைவி கனகாம்பாள் கரண்டியை மருமகள் கையில் கொடுத்துவிட்டு அடுப்படியைவிட்டு வெளியே வந்தாள். மருமகள் வந்த பிறகு மாமியார் உலை வைத்தால் ஊர் சிரிக்கும்.

அன்றிலிருந்து பருப்பு வேகவில்லை.

காலையில் வைத்தால் மதியமும் கடுக் கடுக்கென்றே இருந்தது. கனகாம்பாள் முதலில் மளிகைக் கடைக்காரர் ஷேக் மைதீன்மேல் பாய்ந்தாள்.

“இன்னா பாய், பருப்புன்னு சரளைக்கல்லை நிறுத்துக் குடுத்திருக்கே?”

“அதே மூட்டையிலதாம்மா எங்க வூட்டுக்கும் போவுது. அங்க வெண்ணெயா கரையுது. ஒங்க வூட்ல யாரு ஆக்கறது?”

மனிதர் தன் வியாபாரத்தைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்ன வார்த்தை. அது நேராகப் போய் அமுதத்தின் தலையில் விழுந்தது. அதன்பிறகு சோப்பு நுரைக்காததும் அவளால்தான், அண்டாவின் அடியில் வெள்ளைப் பொருக்கு ஏறியதும் அவளால்தான். பொருக்கைப் பார்த்து இருசப்பனே ஒருநாள், “புளி போட்டுத் தேய்க்கக்கூட ஒடம்பு வணங்கலையாம்மா?” என்று கேட்டிருந்தார். அவள் அன்று காலைதான் தேய்த்திருந்தாள். மறுபடியும் தேய்த்தாள். பக்கத்துப் பட்டணத்து மில்லில் வேலை பார்த்த மகன் ராமு, யார் எது சொன்னாலும் தலையாட்டுகிற நல்ல பிள்ளை.

ஆனி முடியப் போயிற்று. ஆடிக்குப் பெண்ணை அழைத்துப்போக உறுவையாற்றுக்காரர்கள் வர வேண்டும். கனகாம்பாள் தீர்த்துச் சொல்லிவிட்டாள்.

“ஆடிக்கு இட்டுக்கினு போறவங்க அப்படியே வெச்சிக்கட்டும். ஆவணியில திரும்பி வரவேணாம். ஒரு பருப்பு வேகவைக்கத் துப்பில்ல.”

வீட்டில் சண்டை வந்தால் மற்ற ஆம்பளைகள் டீக்கடைக்குப் போவார்கள். இருசப்பன், குகைக்குள் விட்டுப்போன கடப்பாரையைத் தேடுகிற சாக்கில் கிணற்றுக்குள் இறங்கினார். அவருக்கு மனைவியிடம் இருந்த பயத்தைவிட ஆழமான கிணற்றை அவரே இன்னும் வெட்டவில்லை.

குகைக்குள் குந்திக்கொண்டார். உச்சி வெயில் தண்ணீரில் பட்டு உள்ளே தெறித்தது. மேலே பார்த்தார். பசுவின் காம்பு மாதிரி வெள்ளை வெள்ளையாகக் கல் தொங்கியது. ஒவ்வொரு காம்பின் நுனியிலும் ஒரு சொட்டு நீர். ஒன்று விழ, அடுத்தது ஊறியது. இத்தனை நாள் இங்கே ஆட்களைக் கூட்டிவந்து காட்டியவர் ஒருநாளும் இதைப் பார்த்ததில்லை. செஞ்சி இருக்கிற திசையைக் காட்டவே அவருக்கு நேரம் போதவில்லை.

மேலே ராட்டினம் கிறீச்சிட்டது. அமுதம் தண்ணீர் இறைக்க வந்திருந்தாள். கீழே மாமனார் இருப்பது தெரியாமல் தனக்குத்தானே பேசிக்கொண்டாள்.

“அப்பாகிட்ட இன்னான்னு சொல்றது? அஞ்சு தங்கச்சிக்கும் ஆக்கிப் போட்டவதானே நானு...”

வாளி குகை வாசலைத் தாண்டி இறங்கி, நிறைந்து, ஏறிப் போயிற்று. இருசப்பன் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அவள் போனதும் கடப்பாரையைத் துழாவி எடுத்தார். சொட்டு விழுந்த இடத்தில் இரும்பின்மேல் வெள்ளையாகத் தோல் படர்ந்திருந்தது. நகத்தால் சுரண்டினார். பொருக்கு உதிர்ந்தது. அண்டாவில் இருந்த அதே பொருக்கு.

இருசப்பனுக்குப் படிப்பு கிடையாது. ஆனால் பாறையோடு நான்கு மாதம் குடும்பம் நடத்தியவர். இந்தக் கல் தண்ணீரில் கரைகிறது. கரைந்து கரைந்துதான் இந்தப் பொந்தே உண்டாகியிருக்கிறது. கரைந்த கல்தான் வாளியில் ஏறி உலைக்குப் போகிறது. உள்ளங்கையில் ஒரு சொட்டை ஏந்தி நக்கிப் பார்த்தார். சப்பென்றிருந்தது, அவருடைய பெருமையைப் போலவே.

பெருமையை அவ்வளவு சுலபத்தில் விட அவருக்கு மனமில்லை. யாருக்கும் தெரியாமல் சைக்கிளில் போய் ஏரித் தண்ணீர் ஒரு குடம் கொண்டுவந்து, அடுப்படிப் பானையில் ஊற்றிவைத்தார். பெண்ணும் பிழைக்கும், கிணற்றின் பேரும் பிழைக்கும் என்று கணக்கு.

அன்று சாயங்காலம் பருப்பு குழைந்து வெந்தது. அமுதம் கரண்டியைத் தூக்கித் தூக்கிப் பார்த்துச் சிரித்தாள். கனகாம்பாள் சிரிக்கவில்லை.

“பாத்தியாயா? நாளைக்கி அப்பன் வர்றான்னதும் வேவுது! இத்தினி நாளு வேணும்னே பண்ணியிருக்கா!”

அமுதத்தின் சிரித்த முகம் அப்படியே இறுகிப் போனது. இருசப்பன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

மறுநாள் காலை சம்பந்தி நடேசன் மாட்டு வண்டியோடு வந்தார். முற்றத்தில் இருசப்பன் மூட்டிய இரண்டு அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

“கனகு, இது நம்ம கெணத்துத் தண்ணி. நீ ஒன் கையால பருப்பு போடு. அமுதம், இது ஏரித் தண்ணிம்மா. நீ இதுல போடு.”

“மருமவ இருக்கச்சே நான் ஒலை வெக்கறதா? இன்னாயா, கிறுக்கு புடிச்சிருக்கா?”

“புடிச்சிருந்திச்சி. நேத்துதான் தெளிஞ்சிது. வையி.”

வேலியோரம் கூட்டம் கூடிவிட்டதால் கனகாம்பாள் மறுக்க முடியாமல் உட்கார்ந்தாள். ஒரே பருப்பு, ஒரே விறகு. நடேசன் வாயில் போட்ட வெற்றிலையை மெல்லவும் மறந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மணி நேரத்தில் அமுதத்தின் சட்டியில் பருப்பு மலர்ந்து கரைந்தது. கனகாம்பாள் ஊதினாள், விறகைத் தள்ளினாள், கிண்டினாள். கடைசியில் ஒரு பருப்பை எடுத்து நசுக்கினாள். அது விரலிலிருந்து வழுக்கி ஓடியது.

இருசப்பன் கடப்பாரையைக் கொண்டுவந்து சம்பந்தி முன்னால் வைத்தார்.

“ஒங்க பொண்ணுமேல ஒரு தப்பும் இல்ல, சம்பந்தி. எங் கெணறுதான். கல்லு கரைஞ்சி வருது. நேத்தே தெரியும். பேரு போயிடுமேன்னு திருட்டுத்தனமா தண்ணிய மாத்தினேன். அதுக்கும் இந்தப் பொண்ணுதான் பேச்சு வாங்கிச்சி.”

கனகாம்பாள் எழுந்திருக்கவில்லை. புகையால்தானோ என்னவோ, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள்.

“ஆவணி மொத தேதி வந்துடுடி.”

அமுதம் வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் பதில் சொன்னாள்.

“ஏரித் தண்ணி யாரு தூக்கறது, அத்த?”

கனகாம்பாள் திரும்பி இருசப்பனைப் பார்த்தாள். நடேசனும் பார்த்தார். வேலியோரத்துக் கூட்டமும் பார்த்தது. மாடுகள் மட்டும் வேறு பக்கம் பார்த்தன.

மறுநாள் விடிந்ததும் ஏரிக்கரைப் பெண்களுக்கு ஒரு வேடிக்கை கிடைத்தது. சைக்கிளை ராமு மில்லுக்கு எடுத்துப் போய்விட்டதால், இருசப்பன் குடத்தோடு நடந்தே வந்திருந்தார்.

“தோள்ல வெச்சா தளும்பும் மாமா. இடுப்புல வையி!”

“எனக்கு ஏதும்மா இடுப்பு?”

ஆடி மாதம் முப்பத்தொரு நாளும் பழகினார். முதல் நாள் அரைக்கால் குடம் வீடு வந்து சேர்ந்தது. ஆவணி முதல் தேதி, உறுவையாற்று வண்டி வந்து நின்றபோது, முக்கால் குடம் வந்து சேர்ந்திருந்தது. மீதிக் கால் குடம் அவர் வேட்டியில் இருந்தது.

அமுதம் இறங்கி வந்து குடத்தை எட்டிப் பார்த்தாள்.

“இது போதும் மாமா,” என்று உள்ளே கொண்டுபோய் உலை வைத்தாள்.