ஒற்றையாள் வண்டி

புது பஸ் பின்னால் வரும்போது பீப், பீப் என்று தானே கத்தியது. கண்டக்டருக்கு வயிறு எரிந்தது. இத்தனை வருஷம் அவருடைய தொண்டை செய்த வேலை அது. கடைசி நிறுத்தத்தில் பக்கவாட்டில் சாக்கடைக் கால்வாய், பின்னால் மதில். அதற்குள் வண்டியைத் திருப்ப வேண்டும். அவர் இறங்கிப் பின்பக்கத் தகரத்தைத் தட்டி, “வா வா வா, போதும்” என்பார். கண்ணாடியைக்கூடப் பார்க்காமல் மச்சான் பின்னால் எடுப்பார். மச்சான்தான் டிரைவர், கண்டக்டர் மனைவியின் கூடப்பிறந்த அண்ணன். மாமன் மச்சான் ஒரே வண்டியில் ஓடுவதைப் பார்த்து டெப்போவே கண் வைத்தது.

இன்று சோதனை ஓட்டம். டிக்கெட்டுக்கு மிஷின், கதவுக்குப் பொத்தான், பின்பக்கத்துக்குக் கேமரா. ஒழுங்காக நடந்தால் இந்தத் தடத்தில் இனிமேல் கண்டக்டர் கிடையாது. வேறு வேலை கிடைக்குமா என்று கேட்டதற்கு மேலாளர் “பார்க்கலாம்” என்றிருந்தார். அப்படிப் பார்க்கப்பட்டவர்களில் ஒருத்தர் இப்போது மார்க்கெட் வாசலில் சைக்கிளுக்கு டோக்கன் கிழிக்கிறார்.

அதற்காகத்தான் இருவரும் பேசி வைத்திருந்தார்கள். மச்சான் மதிலில் லேசாக ஒரு முட்டு முட்டுவார். ஒரு விளக்கு உடைந்தால் போதும். கேமராவில் தூரம் தெரியவில்லை என்று சொல்லிவிடுவதாக மச்சான் தன் தங்கச்சியை வைத்துக்கொண்டே வாக்குக் கொடுத்திருந்தார். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். கண்டக்டர் அந்தச் சதையை நம்பினார்.

மேலாளரும் இரண்டு அதிகாரிகளும் கால்வாய் ஓரமாக நின்றார்கள். கண்டக்டர் தள்ளி நிற்க வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது என்பது உத்தரவு. வா, என்று மனசுக்குள் சொன்னார். இன்னும் வா. முட்டு. ஒரு வண்டி முட்ட வேண்டும் என்று அவர் ஏங்கியது வாழ்க்கையில் அன்றைக்குத்தான். மதிலுக்கு ஒரு சாண் இருக்கும்போது பஸ் நூல் பிடித்தாற்போல் நின்றது. அதிகாரிகள் கை தட்டினார்கள்.

“எப்படிப்பா இருக்கு?” என்று மேலாளர் கேட்டார்.

“நிம்மதியா இருக்கு சார்” என்றார் மச்சான், இறங்கிக்கொண்டே. “பின்னாடி ஒருத்தரு தகரத்தத் தட்டிக்கிட்டே இருந்தா நமக்குத்தான் தலைவலி.”

எல்லோரும் சிரித்தார்கள். பழக்க தோஷத்தில் கண்டக்டரும் சிரித்துவிட்டார். சிரித்த வாயைச் செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

தண்ணீர் குடிக்கப் போன மச்சானைக் குழாயடியில் பிடித்தார்.

“உங்க தங்கச்சி வீட்டுச் சோறு மச்சான் அது.”

“நான் முட்டினா நாளைக்கு வேற ஒருத்தன் முட்டாம எடுப்பான் மாப்ள. ரெண்டு வீட்லயும் அடுப்பு அணையறதுக்கு, ஒரு வீட்லயாவது எரியட்டும்.” வாயைத் துடைத்துக்கொண்டார். “அவகிட்ட நான் பேசிக்கிறேன்.”

“என்னன்னு?”

“உன் புருஷனுக்குக் கொடுப்பினை இல்லன்னு.”

அடுப்புக் கணக்கு பொய்யில்லை என்று கண்டக்டருக்குத் தெரியும். அதை நேற்றே சொல்லியிருக்கலாம். நம்ப வைத்துக் கழுத்தை அறுத்ததுதான் ஆறவில்லை.

டெப்போவுக்குத் திரும்ப வேறு வண்டி இல்லை. ஜனங்களோடு ஜனமாக முன்கதவில் ஏறினார். வாசலிலேயே டிக்கெட் மிஷின். பஸ்ஸில் டிக்கெட் கொடுத்துத்தான் அவருக்குப் பழக்கம், எடுத்துப் பழக்கமில்லை. பின்னால் நின்றவர்கள் நெருக்கினார்கள். மேலாளர் கீழேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். மச்சான் தன் சட்டைப்பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து, அவர் முகத்தைப் பார்க்காமல் மிஷினில் காட்டினார். பச்சை விளக்கு எரிந்தது.

இருக்கைகள் பாதி காலிதான். ஆனாலும் அவர் கால் தானாகப் பின்கதவுக்குப் போனது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கதவுகள் மூடின. வண்டி கிளம்பவில்லை. தலைக்கு மேலே ஒலிபெருக்கி கரகரத்தது.

“பின்கதவுகிட்ட நிக்கிறவரு உக்காரணும். அப்பதான் வண்டி எடுக்க முடியும்.”

மச்சான் குரல்தான். முன்னாலிருந்த தலைகள் எல்லாம் திரும்பின. பக்கத்து இருக்கையில் ஒரு பெண் தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு நகர்ந்து இடம்விட்டாள்.

“உக்காருங்கண்ணே. எல்லாருக்கும் நேரமாகுது.”

கண்டக்டர் கம்பியைப் பிடித்திருந்த தன் கையைப் பார்த்தார். பஸ் நின்றுகொண்டே இருந்தது.