தட்சிணாமூர்த்தியின் இனிப்புப் பெருமூச்சு

1955 தை மாதத்திலிருந்து தட்சிணாமூர்த்தியின் பெருமூச்சு இனித்தது. அதை முதலில் கண்டுபிடித்தவை எறும்புகள். சாரம் என்ற பேட்டையிலிருந்த வீட்டில் அவர் நாற்காலியைச் சுற்றி வரிசை கட்டின. அடுத்து அவர் மனைவி தில்லையம்மாள், மூன்றாவதாக அலுவலகம். டாக்டர்கள் வழக்கம்போலக் கடைசியாக வந்தார்கள்.

பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் அவர் மனு எழுதும் குமாஸ்தா. வாய்க்கால் தகராறோ வலைத் தகராறோ, ஜனங்கள் தமிழில் அழுவார்கள். அவர் கண்ணீரைக் கழித்துவிட்டு மிச்சத்தைப் பிரெஞ்சில் எழுதுவார். ஐம்பத்து நாலில் ஆட்சி மாறியதும் மனுக்கள் இங்கிலீஷுக்குப் போய்விட்டன. பழைய ஊழியரை நீக்கக் கூடாதென்று பேச்சு இருந்ததால், நாற்காலியை அவரிடமே விட்டுவிட்டு வேலையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். காலை பத்திலிருந்து மாலை ஐந்துவரை அவர் பெருமூச்சு விட்டார்.

அந்த மூச்சு பட்ட வெறுங்காப்பியில் இரண்டு கரண்டி சர்க்கரை போட்ட ருசி இருந்தது. மேலாளர் கலியபெருமாள் அன்றோடு அலுவலகத்துக்குச் சர்க்கரை வாங்குவதை நிறுத்தினார். இனிப்பு குறைந்துவிடக் கூடாதே என்று தினமும் காப்பி வேளைக்கு வந்து, “இன்னிக்கும் உங்களுக்கு வேலை ஒண்ணும் இல்லீங்க முசே” என்று பழைய பிரெஞ்சு மரியாதையோடு தகவல் சொல்லிவிட்டுப் போவார். நல்ல மனிதர், ஒருநாளும் தவறியதில்லை.

வீட்டில் தட்சிணாமூர்த்தி குடம் குடமாகத் தண்ணீர் குடித்தார். வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. சர்க்கரை டாக்டர் சிறுநீரை நீல மருந்தில் விட்டுக் காய்ச்சிப் பார்த்தார். அது செங்கல் நிறமாகியது, அவ்வளவு சர்க்கரை. ஊசி எழுதினார். சோற்றை நிறுத்திக் கேழ்வரகு என்றார், மாம்பழத்தை நிறுத்தினார், சனிக்கிழமை சாயங்காலம் சிநேகிதர் சக்கரபாணியோடு போண்டா தின்று ஊர்க்கதை பேசுவதையும் நிறுத்தினார். அந்த ஒரு பேச்சும் போனதும் பெருமூச்சு பாகு பதத்துக்கு வந்தது. அறுபதில், செருப்புக் கடித்த புண் ஆறாமல் இடதுகால் சுண்டுவிரலை எடுத்தார்கள். அவர் நொண்டிக்கொண்டு வேலைக்குத் திரும்பிய அன்று அலுவலகத்தில் பாயசம் வைத்தார்கள். அவ்வளவு நல்ல பெருமூச்சு வீணாகலாமா?

தில்லையம்மாள் கணக்குப் போட்டாள். விரல் போயிற்று, அடுத்தது கால். மனிதர் கண்ணெதிரே கரைந்துகொண்டிருந்தார். அவரை மன டாக்டரிடம் கூட்டிப் போனாள்.

“சர்க்கரை என் வார்டு இல்லம்மா,” என்றார் அவர்.

“மனசு என் வார்டு இல்ல,” என்றார் அடுத்த அறையிலிருந்த சர்க்கரை டாக்டர்.

“ரெண்டு பேரும் ஒரே ஆளத்தான பாக்குறீங்க?” என்று கேட்டாள்.

இரண்டு பேரும் கலந்து பேசி, இந்தக் கேள்வி எந்த வார்டைச் சேர்ந்தது என்று மேலிடத்துக்கு எழுதிப் போட்டார்கள்.

அறுபத்திரண்டு ஆகஸ்டில், பிரெஞ்சுக்காரர் ஊரைச் சட்டப்படி கைமாற்றிக் கொடுக்கும் ஒப்பந்தம் அமலுக்கு வந்தது. பிரெஞ்சுக் குடியுரிமை கேட்கலாமா என்று ஊரே பெட்டியடியில் கிடந்த பழைய காகிதங்களைத் தூக்கிக்கொண்டு ஓடியது. அவற்றைப் படிக்கத் தெரிந்த நாற்காலி ஒன்றுதான். ஊர்க்கோடி மூலக்குளம்வரை வரிசையில் ஆள் நின்றதாகச் சொல்வார்கள். அந்த வாரமே அலுவலகக் காப்பி கசந்தது. இனிப்புக் குறைவுக்குக் காரணம் கேட்டு கலியபெருமாள் குறிப்பாணை அனுப்பினார். தட்சிணாமூர்த்திக்கு அதைப் படிக்க நேரமில்லை. காய்ச்சிய சிறுநீர் சர்க்கரையில்லாமல் நீலமாகவே நின்றது. கேழ்வரகால் என்றார் சர்க்கரை டாக்டர், தான் எழுதிக் கொடுத்த மாத்திரையால் என்றார் மன டாக்டர்.

மார்கழியில் கூட்டம் வடிந்தது. ஒரு காலை வீட்டு நாற்காலியடியில் பத்துப் பதினைந்து எறும்புகளைத் தில்லையம்மாள் பார்த்தாள். ஊசி போட்டு, கேழ்வரகுக் கூழ் கொடுத்து, எதிரே வந்து உட்கார்ந்தாள்.

“ஏங்க, முருங்கையில உக்கார்ற காக்கா மேல ஒரு மனு எழுதணும்.”

“யாருக்கு?”

“கவர்னருக்குத்தான்.”

பிரெஞ்சு கவர்னர் கப்பலேறி எட்டு வருஷமாயிற்று. அது இருவருக்கும் தெரியும். தட்சிணாமூர்த்தி மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

“காக்கா எத்தினி மணிக்கு வருது?” என்று கேட்டு எழுத ஆரம்பித்தார்.

மறுநாள் ஒழுகும் குடத்தின் மேல் ஒரு மனு, அதற்கடுத்த நாள் மழையின் மேல். சனிக்கிழமை சக்கரபாணியே போண்டாவின் மேல் ஒரு புகாரோடு வந்து பொழுது சாயும்வரை பேசினார். அலுவலகம் சர்க்கரை வாங்கத் தொடங்கியது. எறும்புகள் மற்ற வீட்டு எறும்புகளைப்போல டப்பாவைத் தேடிப் போயின. என்றைக்காவது நாற்காலியடியில் நாலு எறும்பு தென்பட்டால், அன்றைக்குத் தில்லையம்மாள் இரண்டு மனுவாகக் கொடுத்தாள்.