மங்கம்மாவின் மூக்கும் மூன்று பர்னர் அடுப்பும்

சைமன் லைட்டரைத் தட்டியதும் நடு பர்னர் குப்பென்று பிடித்துக்கொண்டது. பவானி வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். அவளுக்குப் பின்னால் நின்ற மாமியார் மங்கம்மா ஓரடி தள்ளி நின்றுகொண்டாள்.

ராயபுரத்தில் ஓட்டல்களுக்கு அடுப்பு செய்து கொடுக்கிற கடை சைமனுடையது. வீட்டுக்கென்று அங்கே வருகிறவர்கள் குறைவு. ஆனால் பவானியின் வீட்டு நிலவரம் வேறு. எண்ணூர்க் குப்பத்தில் அவள் புருஷன் பாஸ்கருக்குச் சொந்தப் படகு. படகு கரை சேருகிற அன்று, கூடப் போன அத்தனை ஆட்களுக்கும் அவர்கள் வீட்டில்தான் சோறு. கடலில் கிடந்து காய்ந்து வருகிறவன் குண்டான் குண்டானாகத் தின்பான். கல்யாணத்துக்குச் சீராக வந்த இரண்டு பர்னர் அடுப்பில் அந்தக் குண்டானை ஏற்றினால், கொதி வருவதற்குள் பசியில் ஆட்கள் சண்டைக்கு நிற்பார்கள். இதற்கெல்லாம் மேல், பவானிக்குச் சமையல் என்றால் உயிர். ஓட்டல் அடுப்பு ஒன்று வாங்கியே தீருவது என்று அடம்பிடித்து, பாஸ்கரைத் தலையாட்ட வைத்துவிட்டாள். எந்த அடுப்பு என்று தேர்ந்தெடுக்கிற பொறுப்பையும் அவளே எடுத்துக்கொண்டாள்.

சைமன் இரண்டு அடுப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினான். இரண்டும் வீட்டு சிலிண்டரிலேயே ஓடும். இரண்டுக்கும் மூன்று பர்னர், கனத்த வார்ப்பிரும்பு தாங்கி, பளபளவென்று ஸ்டீல் உடம்பு. பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள்தான்.

“இதுல சேஃப்டி வால்வு கீதும்மா. காத்துல நெருப்பு அணைஞ்சா கேஸும் தானா நின்னுடும். அதுல கெடையாது. அணைஞ்சாலும் கேஸ் வந்துகினே இருக்கும். ஆளுதான் பாத்துக்கணும்” என்றான் சைமன்.

பவானி வால்வு வைத்த அடுப்பைப் பற்ற வைத்துப் பார்த்தாள். குமிழை அமுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. கையை எடுத்ததும் அணைந்துவிட்டது. மறுபடி அமுக்கினாள், மறுபடி அணைந்தது. அதற்கப்புறம்தான் நின்று எரிந்தது.

“இன்னாண்ணா இது? ஆளுங்க பசியில கத்திகினு இருப்பாங்க, நான் இதாண்ட கெஞ்சிகினு நிக்கணுமா?”

“பயகிட்டா சரியாப்பூடும். அடுப்பாண்ட ஜன்னல் கடல் பக்கமா?”

“ஆமா.”

“பகல்ல வூட்ல யாரு இருப்பாங்க?”

பவானி சிரித்துவிட்டாள். திரும்பி மாமியாரின் தோளில் கை போட்டாள். “எங்க அத்த இருப்பாங்க. இவங்க மூக்கு பத்தி உனுக்குத் தெரியுமாண்ணா? கூடைய தொறக்காமலே மீனு என்னிக்கு புடிச்சதுன்னு சொல்லுவாங்க. காசிமேட்டுல போயி மங்கம்மா மூக்குன்னு கேட்டுப் பாரு. இந்த மூக்கு இருக்கசொல்லோ வால்வு எதுக்கு?”

சைமன் மங்கம்மாவைப் பார்த்தான். அந்த நொடியில் அவள் வாயைத் திறந்திருக்க வேண்டும்.

அவளுக்கு மூக்கு செத்துப்போய் வருஷங்களாகியிருந்தன. ஊரையே முடக்கிப்போட்ட அந்தக் காய்ச்சலில் அவளும் விழுந்தாள், எழுந்தாள். காய்ச்சல் போகும்போது வாசனையையும் வாரிக்கொண்டு போய்விட்டது. இன்று வரும் நாளை வரும் என்று இருந்தாள். வரவில்லை. கற்பூரத்தை மூக்கில் வைத்துத் தேய்த்துப் பார்த்தாள், சுண்ணாம்புக் கட்டியைத் தேய்த்த மாதிரி இருந்தது. பெற்ற பிள்ளை பாஸ்கரிடம்கூட அதைச் சொல்லவில்லை.

எப்படிச் சொல்வாள்? கணவன் செத்தபின் கூடை சுமந்து பாஸ்கரை ஆளாக்கியது அந்த மூக்குதான். காசிமேட்டு விடிகாலை மீன் ஏலத்தில் அவள் மோந்து பார்த்துத் தலையாட்டினால்தான் மற்றப் பெண்கள் கூடைக்குக் கை நீட்டுவார்கள். அது இல்லாத மங்கம்மாவை யார் மதிப்பார்கள்? ஆகவே நடித்தாள். மீனைத் தூக்கி மூக்குக்கு நேராகப் பிடிப்பாள், கண்ணோ செவுளைப் பார்த்துக்கொண்டிருக்கும், கட்டைவிரல் சதையை அமுக்கிப் பார்க்கும். அப்புறம் ஒரு தலையாட்டல். சுற்றியிருக்கிற ஆலைகளிலிருந்து குப்பத்துக்குள் கம்பெனி நாற்றம் வருகிற நாட்களில், பக்கத்தில் இருப்பவர்கள் முந்தானையால் மூக்கை மூடுகிறார்களா என்று பார்த்துவிட்டுத் தானும் மூடிக்கொண்டு, “கலீஜ் நாத்தம்” என்று எல்லாருக்கும் முந்தித் திட்டுவாள். இத்தனை நாள் மாட்டிக்கொள்ளவே இல்லை.

“இன்னாம்மா, பாத்துப்பீங்களா?” என்று சைமன் கேட்டான்.

“அதான் நான் கீறேன்ல” என்றாள் மங்கம்மா.

வால்வு இல்லாத அடுப்பு வண்டியேறியது.

அடுப்பு வந்து இறங்கியதும் தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. பவானிக்குத் தலைகால் புரியவில்லை. குழம்பு கொதிக்கிற சத்தம் தெருவுக்குக் கேட்டது. படகு வந்த அன்று, ஆட்கள் கைகால் கழுவிவிட்டு உட்காருவதற்குள் சோறும் குழம்பும் முன்னால் இருந்தன. பாஸ்கர்கூட மனைவியைப் பெருமையாக ஒரு பார்வை பார்த்தான்.

மங்கம்மாவுக்கு மட்டும் தூக்கம் போனது. நீல நெருப்பு கண்ணில் தெரிகிற இடமாகப் பார்த்து ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். மதியத்துக்கு மேல் கடல் காற்று ஜன்னலில் புகுந்ததும் நெருப்பு ஒருபக்கமாகச் சாயும். சிம்மில் வைத்திருந்தால் தீ துடிக்கும். அவள் நெஞ்சும் கூடவே துடிக்கும். எழுந்து குனிந்து பார்ப்பாள், உட்காருவாள், மறுபடி எழுந்து பார்ப்பாள். ஜன்னலைச் சாத்தினால் பவானி வந்து, “வேவுது அத்த” என்று திறந்துவிடுவாள்.

“பாரேன், எங்க அத்தைக்கு அடுப்பு மேல இன்னா ஆச! புதுப்பொண்ணு மாதிரி பாத்துகினே குந்தினு கீது” என்று பக்கத்து வீட்டுச் சீனியம்மாளிடம் சொல்லிச் சிரிப்பாள் பவானி. மங்கம்மாவும் சேர்ந்து சிரித்துவைப்பாள். இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று தினமும் காலையில் நினைப்பாள். பவானி ‘இந்த மூக்கு இருக்கசொல்லோ’ என்று கடையில் தோளில் கை போட்ட பெருமை நினைவுக்கு வரும். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டுவிடுவாள். பாழாய்ப்போன பெருமை!

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் பவானி குழம்பைச் சிம்மில் வைத்துவிட்டு, மகள் மதியை டியூஷனிலிருந்து கூட்டிவரக் கிளம்பினாள்.

“அத்த, கொயம்பு சிம்முல கீது. பாத்துக்க. தோ வந்துட்டேன்.”

“நீ போ.”

மங்கம்மா ஸ்டூலில் உட்கார்ந்தாள். நெருப்பு நீலமாக, அடக்கமாக எரிந்தது. ஆனால் வெள்ளிக்கிழமை விளக்கு ஏற்ற வேண்டும், அதற்கு முன் தலைக்கு ஊற்ற வேண்டும். நாலு சொம்பு தண்ணீர் ஊற்ற எவ்வளவு நேரம் ஆகிவிடும் என்று குனிந்து ஒருமுறை பார்த்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போனாள். அவசர அவசரமாகக் குளித்துப் புடவையைச் சுற்றிக்கொண்டு திரும்பும்போது சுவருக்கு மேலே சீனியம்மாளின் தலை தெரிந்தது.

“யக்கா, நல்லவேள. இந்த சங்கராவ கொஞ்சம் மோந்து சொல்லேன். வண்டிக்காரன் காலையில புடிச்சதுன்றான், எனக்கு நம்பிக்க இல்ல” என்று தட்டை நீட்டினாள்.

அடுப்பில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போயிருக்கலாம். போகவில்லை. ஒருத்தி தட்டை நீட்டி மோந்து பார் என்றால் மங்கம்மாவால் மறுக்க முடியாது. ஒரு மீனை எடுத்தாள், மூக்குக்கு நேரே தூக்கினாள், கண்ணை மூடுகிற மாதிரி மூடிச் செவுளைப் பார்த்தாள். சிவப்பாகவே இருந்தது. தட்டில் இருந்த ஒவ்வொன்றையும் அதேபோல எடுத்து எடுத்து வைத்தாள்.

“காலையில புடிச்சதுதான். போயி வையி.”

“உன் மூக்குக்கு தங்கத்துல காப்பு போடணும் யக்கா.”

அந்தப் புகழ்ச்சியை மென்றுகொண்டே மங்கம்மா உள்ளே வந்தாள். காற்று தலைமயிரை அள்ளியது. விளக்கு நிற்காது என்று வழக்கம்போல முன்ஜன்னலைச் சாத்தினாள், சமையலறை ஜன்னலையும் சாத்தினாள், வாசல் கதவை ஒருக்களித்தாள். சாமி படத்துக்கு முன்னால் தரையில் பலகை. உட்கார்ந்து திரியை நிமிண்டிவிட்டு, எண்ணெய் ஊற்றி, தீக்குச்சியை எடுத்துப் பெட்டியின் ஓரத்தில் வைத்தாள்.

கை நின்றது. உள்ளே வந்தவள் நெருப்பைப் பார்க்கவில்லை.

உட்கார்ந்த இடத்திலிருந்தே கழுத்தைத் திருப்பினாள். குழம்புச் சட்டி தெரிந்தது. அதற்கடியில் இருட்டாக இருந்தது.

தீக்குச்சியை எப்படிக் கீழே வைத்தாள் என்று அவளுக்கே தெரியாது. பலகையில் கையை ஊன்றி எழுந்தாள். அடுப்பருகே போய்க் காதைக் குனிந்து வைத்தாள். பர்னரிலிருந்து மெல்லிசாக உஸ்ஸென்று கேட்டது. குமிழைத் திருகி மூடினாள். சிலிண்டரையும் மூடினாள். ஜன்னல்களைத் திறந்தாள். கொல்லைக் கதவைத் திறந்தாள். கேஸ் தரையோடுதான் தங்கும் என்று சைமன் சொல்லியிருந்தான். தரையைப் பார்த்தாள். தரையில் என்ன தெரியும்? சிவப்பு சிமெண்ட்தான் தெரிந்தது.

எவ்வளவு கேஸ் நிற்கிறது? முழங்கால் வரைக்குமா, கழுத்து வரைக்குமா, ஒன்றுமே இல்லையா? மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. வெறும் காற்று உள்ளே போய் வெறும் காற்றாகவே வெளியே வந்தது. மூலையில் பழைய ஃபிரிட்ஜ் சும்மா இருந்தது. அது நினைத்துக்கொண்ட நேரத்துக்குக் கடக்கென்று தட்டி உறுமும். அதன் பிளக்கைப் பிடுங்கலாமா, பிடுங்கினால் பொறி வருமா? தொடப் பயந்தாள். பெற்ற பிள்ளையிடமே மறைத்த உண்மையோடு இந்த வீட்டுக்குள் தனியாக நிற்கிறோமே என்று அழுகை முட்டியது.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

“ஆயா! டிவி போடு, டிவி போடு!”

மதி எப்போதும் வாசலில் நுழைகிற வேகத்திலேயே சுவிட்சுக்குத் தாவுவாள். மங்கம்மா ஓடினாள். இந்த வயசில் அப்படி ஓடுவாள் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். குழந்தையின் கை சுவிட்சுப் பலகையை எட்டுவதற்குள் இடுப்போடு வாரித் தூக்கிக்கொண்டு தெருவில் போய் விழுந்தாள்.

“தொடாத! சுவிட்ச தொடாத! யாரும் உள்ள போவாதீங்க!”

பின்னால் வந்த பவானி வாசற்படியில் ஒரு கால் வைத்தவள் அப்படியே பின்வாங்கினாள். “ஐயோ, கேஸ்! வூடு பூராவும் கேஸு!”

அப்போதுதான் மங்கம்மாவுக்கே நிச்சயமாகத் தெரிந்தது.

தெரு கூடிவிட்டது. யாரோ மெயினை அணைக்க ஓட, வேண்டாம் என்று இன்னொருவர் கத்தினார். சீனியம்மாள் கையில் மீன் செதிலோடு ஓடி வந்தாள். உள்ளே காற்று அடித்து எல்லாம் கலைகிற வரைக்கும் யாரும் வீட்டுப் பக்கம் போகவில்லை. பவானி அழுகிற குழந்தையை அணைத்துக்கொண்டு மாமியாரிடம் திரும்பினாள். முகம் வெளுத்திருந்தது.

“இம்மா நாத்தம் அடிக்குது, எப்டி அத்த உனுக்குத் தெரியாம போச்சு?”

அவளுக்காகச் சீனியம்மாள் பேசினாள்.

“கம்பெனி நாத்தம்னு நெனச்சிருக்கும். நாமளும் அப்டித்தான நெனப்போம்? தெனம் இன்னா நாத்தம் வருதுன்னு யாருக்குத் தெரியுது இந்த ஊர்ல?”

கூட்டம் ஆமாம் ஆமாம் என்றது. பவானியும் பெருமூச்சு விட்டாள். “அப்டியா அத்த? கம்பெனி நாத்தம்னு வுட்டுட்டியா?”

ஆமாம் என்று ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் போதும், எண்ணூரில் அதை நம்பாத ஆள் இல்லை. அடுப்பும் அங்கேயே இருக்கும். மூக்கும் அப்படியே இருக்கும். நாளைக்கும் பவானி சிம்மில் வைத்துவிட்டு, பாத்துக்க என்று சொல்லிவிட்டுப் போவாள். மங்கம்மா வாயைத் திறந்தாள். மதி அவள் புடவை நுனியைப் பிடித்துக்கொண்டு தேம்பிக்கொண்டிருந்தாள்.

“எனக்கு நாத்தமே தெரில பவானி. வாசனையும் தெரியாது, நாத்தமும் தெரியாது. அந்த கொரோனா வந்தப்பவே மூக்கு செத்துப்போச்சு.”

சீனியம்மாள்தான் முதலில் விழித்துக்கொண்டாள். “அப்ப இப்ப பாத்தியே, சங்கரா?”

“செவுளப் பாத்தேன். நல்ல மீனுதான்.”

பவானி அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். கத்துவாள் என்று மங்கம்மா எதிர்பார்த்தாள். கத்தினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. பவானி கத்தவில்லை.

“அன்னிக்கு கடையில ஒரு வார்த்த சொல்லியிருந்தா அந்த வால்வு வெச்ச அடுப்ப எடுத்திருப்பேன். அவ்ளோதான அத்த? உன்ன நம்பித்தான என் புள்ளைய வுட்டுட்டுப் போறேன்?”

மங்கம்மாவுக்குக் கண்ணீர் உடைந்து கொட்டியது. மூக்கு போனபோது வராத அழுகை அது. பவானி இடுப்பிலிருந்து போனை எடுத்து, சைமன் நம்பரைப் போட்டு, மாமியாரின் கையில் திணித்தாள்.

“நீயே சொல்லு. எந்த அடுப்பு வேணும், ஏன் வேணும்னு நீயே அவராண்ட சொல்லு.”

காசிமேட்டுக்குக் கூடை எடுத்துப் போகிற பெண்கள் பாதிப்பேர் அந்தக் கூட்டத்தில் நின்றார்கள். போனில் சைமன் அலோ அலோ என்றான். மங்கம்மா ஈரக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“சைமனா? நான் எண்ணூர் மங்கம்மா. நாளைக்கே வந்து இந்த அடுப்ப எடுத்துகினு போ. வால்வு வெச்சத கொண்டா. பகல்ல வூட்ல நான்தான் இருப்பேன், எனக்கு மூக்கு வேல செய்யாது.”

ஏலத்தில் விலை கூவுகிற அதே குரலில்தான் சொன்னாள். தெருக்கோடி வரைக்கும் கேட்டது.