பல்லுடைச்சான் சரிவு

"இன்னைக்காவது ஓட்டி இறங்குவியாக்கா, இல்ல வழக்கம்போல உருட்டிக்கிட்டு வருவியா?"

ஏற்றத்தின் பாதியில் மூச்சுகூட வாங்காமல் தம்பி இதைக் கேட்டான். பதில் சொல்ல அக்காவிடம் மூச்சு மிச்சமில்லை. காட்டுக்குள் இருபத்தெட்டு கிலோமீட்டர் சுற்று அது. முதல் பதினொன்றும் ஏற்றம்தான். வேரும் கல்லும் ஈர இலையுமாகப் பின்சக்கரத்தை வழுக்கிவிட்டுக்கொண்டே இருக்கும். உச்சியில் வனக்காவலரின் குடிசை. அதைத் தாண்டினால், சுவரைக் கொஞ்சம்போலச் சாய்த்து வைத்த மாதிரி ஒரு இறக்கம். சைக்கிள்காரர்கள் அதற்கு வைத்த பெயர் பல்லுடைச்சான்.

அக்காவுக்குப் பல் கட்டும் கூடத்தில் வேலை. அச்சு வார்த்துப் பல்செட்டு செய்கிறவள். "அங்க எத்தனை பேர் விழுந்தாலும் உனக்குத்தான் வியாபாரம்" என்று சைக்கிள் கடைக்காரனான தம்பி ஒரு காலத்தில் சீண்டுவான். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவளே அங்கே விழுந்தபிறகு அந்தக் கேலியை விட்டுவிட்டான். வேறு கேலி கிடைத்துவிட்டதே.

அன்று முன்சக்கரம் ஆணி அடித்தாற்போல நின்றது. அவள் கைப்பிடிக்கு மேலே பறந்து முகத்தால் தரையிறங்கினாள். தோள் எலும்பு இரண்டாயிற்று. ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சுற்றி வீடே நின்றபோது தம்பிதான் முதலில் வாயைத் திறந்தான்.

"பயந்துட்டாம்மா. பயத்துல முன்பிரேக்கைப் போட்டு இறுக்கிட்டா."

"இல்லம்மா, நான் பின்பிரேக்கைத்தான் பிடிச்சேன்."

"ஆமாமா! குப்புற விழுந்தும் மீசையில மண் ஒட்டலையாம்" என்றாள் அம்மா, அழுகைக்கு நடுவிலேயே. நர்ஸ் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து வீட்டில் அவள் மீசைக்காரி.

பட்டப்பெயர் கிடக்கட்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் பெண்களுக்கு மலையில் ஓட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்த வகுப்பு தம்பி கைக்குப் போயிற்று. "பயந்தவகிட்ட யாருக்கா கத்துக்க வருவாங்க? கொஞ்ச நாள் ஓய்வெடு" என்றான். கொஞ்ச நாள் மூன்று வருஷமாக நீண்டது. பின்பிரேக்கைப் பிடித்தது அவள் கைக்கு நன்றாக நினைவிருந்தது. ஆனாலும் பத்துப் பேர் ஒரே மாதிரி சொன்னால் சொந்தக் கை மேலேயே சந்தேகம் வராதா? வந்தது. அதற்குப்பின் ஒவ்வொரு தடவையும் பல்லுடைச்சான் தொடங்கும் இடத்திலேயே சீட்டைவிட்டு இறங்கி, வண்டியை நாய்க்குட்டி மாதிரி நடத்திக்கொண்டு போனாள். இன்றைக்கு ஓட்டியே இறங்குவது, இறங்கி வகுப்பைத் திருப்பிக் கேட்பது என்று தீர்மானம் செய்துகொண்டு வந்திருக்கிறாள்.

உச்சியில் தம்பி தண்ணீர் பிடிக்கக் குடிசைக்குப் பின்னால் போனான். காவலர் வாசலுக்கு வந்தார்.

"கதவை மறிச்சு நிறுத்திட்டீங்களேம்மா, இருங்க, நான் நகர்த்துறேன்." அவளுடைய வண்டியைத் தள்ளிக்கொண்டு போய், நிறுத்துவதற்காக இடது பிரேக்கைப் பிடித்தார். முன்சக்கரம் சட்டென்று நிற்க, பின்பக்கம் எகிறி அவர் முழங்காலில் இடித்தது. "அட! என்னம்மா இது, எல்லாம் தலைகீழா இருக்கு?"

"நான் இடதுகைக்காரி. எல்லாருக்கும் முன்பிரேக் வலது கையில, எனக்கு மட்டும் எப்பவுமே இடதுல."

"எப்பவுமேவா? இதே வண்டிதானே அன்னைக்கும்? நீங்க விழுந்தப்ப நான்தானே கீழ வரைக்கும் உருட்டிட்டுப் போனேன். வலது கையால முன்பிரேக்கைப் பிடிச்சுப் பிடிச்சு உள்ளங்கையே கொப்பளிச்சுப் போச்சு."

"வலது கையா? நல்லா ஞாபகம் இருக்கா?"

"நாலு நாள் கோடாலியைத் தொட முடியலம்மா. மறக்குமா?"

அவர் உள்ளே போய்விட்டார். அவள் தன் வலது கையை விரித்து, மூன்று வருஷமாகத் திருடி என்று அடித்த பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

தம்பி தண்ணீரோடு வந்தான்.

"நான் விழுந்ததுக்கு முந்தின நாள் என் வண்டியில கைப்பிடியிலேர்ந்து போற பிரேக் குழாயெல்லாம் மாத்தினியே. எது எந்தப் பக்கம் மாட்டினே?"

அவன் பாட்டிலின் மூடியைத் திருகினான். மூடிய மூடியையே மறுபடியும் திருகினான்.

"எல்லார் வண்டிக்கும் மாட்டுற மாதிரி மாட்டிட்டேன்க்கா. பழகின கை. உன்னோடது வேறன்னு நீ விழுந்தப்புறம்தான் உறைச்சுது."

"ஏத்தத்துல பிரேக்கே தேவைப்படல, அதான் எனக்குத் தெரியல. இங்க வந்து, பின்பிரேக்குன்னு நம்பி வலதை இறுக்கியிருக்கேன். சரி, உறைச்சதும் சொன்னியா?"

"வண்டியைக் கடைக்குக் கொண்டுபோய்த் திருப்பி மாட்டிட்டேன்."

"நான் ஆஸ்பத்திரியில கிடக்கும்போதே."

"கடைக்குக் கெட்ட பேர் வந்துடும்னு பயந்துட்டேன்க்கா."

"அப்ப பயந்தது நீதான்."

அவன் பாட்டிலைத் தன் வண்டியில் செருகினான்.

"கீழ போனதும் அம்மாவுக்குப் போன் போடு. நடந்ததை நடந்தபடி சொல்லு."

"சொல்றேன்க்கா. சத்தியமா."

அவள் ஏறி உட்கார்ந்தாள். இடுப்பைப் பின்னால் தள்ளி, வலது கையில் பின்பிரேக்கை அழுத்தி, இடது கையில் முன்பிரேக்கைப் பூப்போலத் தொட்டுத் தொட்டு இறங்கினாள். வேர், கல், மறுபடி வேர், பிறகு அவள் விழுந்த வளைவு. அதுவும் ஒரு வளைவாக வந்து போயிற்று. இத்தனை நாள் காத்திருந்த இறக்கம் நாலு நிமிஷத்தில் முடிந்தது. சந்தோஷம் வரும் என்று பார்த்தாள். வாயில் கசப்புதான் ஊறியது.

கீழே தார்ச்சாலை ஓரத்தில் தம்பி போனை எடுத்தான்.

"அம்மா, அக்கா இறங்கிட்டா! ஆமாம்மா, ஓட்டியேதான்! பயமெல்லாம் பறந்து போச்சு!"

அவள் கையை நீட்டினாள். அவன் போனை உள்ளங்கையால் பொத்தினான். "அம்மா சந்தோஷத்துல அழறாங்கக்கா. இப்ப போய் எதுக்கு அதெல்லாம்?"

"குடு."

கொடுத்தான்.

"அம்மா, நான் அன்னைக்குப் பயப்படல. தம்பி பிரேக்கை மாத்தி மாட்டியிருந்தான். அவனே இப்ப ஒத்துக்கிட்டான்."

அந்தப் பக்கம் அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள். "போடி மீசைக்காரி! இறங்கித்தான் காட்டிட்டியே, இன்னும் எதுக்கு மண்ணைத் தட்டிக்கிட்டிருக்கே? உன் மனசு ஆறணும்னு அவனும் பழியை ஏத்துக்கிட்டிருக்கான் பாரு. தங்கமான பிள்ளை!"

அவள் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"என்ன சொன்னாங்க?"

"நீ தங்கமாம்."

அவன் முகம் தெளிந்ததை அவள் பார்த்தாள். மறைக்கக்கூட அவனுக்குத் தெரியவில்லை. சாலையில் இருவரும் மிதித்தார்கள். கொஞ்ச தூரம் போனதும் அவன் பழைய குரலில், கடைக்காரக் குரலில் சொன்னான்:

"பின்பிரேக் கிரீச்சுங்குதுக்கா. நாளைக்குக் கடைக்குக் கொண்டா, பார்த்துத் தரேன்."

"நீ பார்த்த வரைக்கும் போதும்டா" என்றாள் அக்கா.