வேஸ்ட் துணி போட்ட குழிகள்

பட்டிப் பொங்கலுக்கு என் பெண்டாட்டி மருதம்மாளின் பிறந்த வீட்டுக்குப் போயிருந்தோம். தாராபுரத்தில் பஸ் இறங்கி வாய்க்கால் கரையோடு நடக்க வேண்டும். அங்கே அவள் அண்ணன் சென்னியப்பன் வெங்காயமும் காய்கறியும் போட்டுப் பண்ணையம் பார்க்கிறார். வாரம் ஒரு தடவை சரக்கு ஏற்றிக்கொண்டு திருப்பூருக்கு வருவார். வரும்போதெல்லாம் ராயபுரத்தில் எங்கள் வாசலில் ஒரு சிறு மூட்டையை இறக்கிவிட்டுப் போவார். கத்தரியோ வெண்டையோ, எது விளைந்ததோ அது. கல்யாணமான நாளிலிருந்து கடையில் காய் வாங்கியதாக எனக்கு நினைவில்லை.

அந்தப் பொங்கலன்று அண்ணன் சம்சாரம் குழந்தையம்மாள் அடுப்படியில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தது மருதம்மாள் காதில் விழுந்துவிட்டது. "நோம்பிக்கு வந்தா சோறு போட்டு அனுப்பலாம். வாரா வாரம் மூட்டையுமில்ல போவுது? இந்தப் பண்ணயத்துல திருப்பூர்க்காரிக்கும் பங்கு இருக்குதாட்ட."

மருதம்மாள் அங்கே ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. கரும்பைக் கட்டி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினோம். பாதி வழி வந்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"ஏனுங்க, இனி அண்ணன் மூட்டை நம்மூட்டுக்கு வேண்டாமுங்க."

விஷயத்தைக் கேட்டுவிட்டு, "செரி, வேண்டாம். அப்பறம் எதைத் திங்கறது? கடையில வாங்கக் கட்டுபடியாகுமா?" என்றேன்.

"பொறக்கடையில அத்தன எடம் சும்மாதான கெடக்குது. மாசிப் பட்டம் வருது. நாம போட்டுக்கலாம்."

"நாமன்னா? கடப்பாரை புடிக்கறது நீயா?"

"நீங்கதான். அதுக்குத்தான் நாமன்னு சொன்னனுங்க."

அடுத்த வாரம் மச்சான் வந்து மூட்டையை இறக்கினார். அவள் அதைத் தொடவில்லை.

"ஏனம்மிணி, என்ற காய் கசக்குதா?"

"கசக்கலீங்ணா. நாங்க தோட்டம் போடறோமுங்க. இனி நீங்க சொமக்க வேண்டாமுங்க."

மச்சான் சிரித்த சிரிப்பில் எதிர்ச்சாரி ஆட்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். "பனியன் ஊர்ல பனியன் மொளைக்கும். பீர்க்கங்கா மொளைக்குமா? ஏன் மாப்ளே, நீங்களுமா இதுக்குக் கூட்டு?"

"என்னைக் கேக்காதீங்க மச்சான். நான் மம்முட்டி புடிக்கற ஆளு. மத்ததெல்லாம் முதலாளியம்மாவைக் கேளுங்க."

காரணத்தை அவள் அவரிடம் சொல்லவே இல்லை. சொன்னால் அங்கே புருசன் பெண்டாட்டிக்குள் சண்டை வரும். மச்சான் மூட்டையைத் தூக்கிப் பக்கத்து வீட்டு நூர்ஜானிடம் கொடுத்துவிட்டுப் போனார். நூர்ஜானின் வீட்டுக்காரர் காஜா மொய்தீன் பனியன் மெஷின் ஓட்டுகிறவர். அவர்களுக்கும் எங்களுக்கும் புறக்கடையும் கிணறும் பொது. பொழுது சாய நூர்ஜான் ஒரு கிண்ணம் நிறையக் கத்தரிக்காய்க் குழம்பு கொண்டுவந்தாள். மருதம்மாள் கிண்ணத்தை அப்படியே என் பக்கம் தள்ளினாள்.

"நீங்க தின்னுங்க. நான் தின்னா மூட்டையை வாங்குன மாரிதான்."

அவள் மோரை ஊற்றிக் குடித்துவிட்டுப் படுத்தாள். இவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. மறுநாள் கடப்பாரையை எடுத்தேன்.

எனக்குச் சலவைப் பட்டறையில் வேலை. பனியன் துணியைப் பவுடர்த் தண்ணீரில் போட்டு வெளுப்பது. நாள் முழுக்கத் தொட்டிக்குள் நின்றுவிட்டு வந்தால் காலும் கையும் வெந்த மாதிரி இருக்கும். அந்தக் கையோடு மண்ணைக் கொத்தினால் மண் லேசில் விடுமா? புறக்கடை மண் மேலே சாம்பல், அதற்குக் கீழே ஓட்டாஞ்சில்லு, அதற்கும் கீழே சுண்ணாம்புக் கல். நடுநடுவே உடைந்த மெஷின் ஊசி வேறு. ஒன்று என் குதிகாலில் ஏறியது. "உங்க ஊட்டுக்காரரு வெதைச்ச வெதை மொளைச்சுருச்சு, பாரு" என்று நூர்ஜானிடம் காட்டினேன்.

"அறுத்துக் குடுத்துட்டுப் போங்கண்ணே, அவருக்கு ஆகும்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமைகளிலும், வேலை விட்டு வந்து வெளிச்சம் இருக்கும் மட்டிலும் கொத்தினேன். கல்லைப் பொறுக்கி ஓரமாகப் போட்டோம். ஆட்டுப்பட்டி போடுகிறவரிடம் புழுக்கை வாங்கி வந்து மண்ணோடு கலந்து ஆறப் போட்டோம். கீரைக்கு இரண்டு பாத்தி. பந்தல் போட்டுப் பீர்க்கும் புடலையும் ஏற்ற எட்டுக் குழி. பந்தல் கயிற்றுக்குச் செலவில்லை. பனியன் துணியின் ஓர வெட்டை இழுத்துவிட்டால் சுருண்டு கயிறாகிவிடும், லேசில் அறாது.

தண்ணீர்தான் பயமாக இருந்தது. மாசி தாண்டினால் எங்கள் கிணற்றில் வாளி தரை தட்டும். குடங்குடமாக ஊற்றி வெயிலில் விட்டால் அது எத்தனை நேரம் நிற்கும்? அதற்கு மருதம்மாள் ஒரு வழி கண்டுபிடித்தாள்.

அவள் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் வேஸ்ட் பிரிக்கிறாள். துணியை அளவு வைத்து வெட்டியபின் விழுகிற துண்டுகளில் நல்லது வேறு, எண்ணெய் பட்டது வேறு என்று பிரித்துக் கட்ட வேண்டும். யாரும் வாங்காத கடைசிக் கழிவை மேஸ்திரி எடுத்துப் போகச் சொல்லிவிடுவார். அதைக் கோணிப்பையில் அடைத்துக்கொண்டு வந்தாள்.

"மழைல நனைஞ்ச வேஸ்ட் மூட்டையைப் பாத்திருக்கீங்களா? மேல காஞ்சு கெடக்கும். கைய உள்ள உட்டா ஒரு வாரமானாலும் ஈரம் போவாது. குழிக்கு அடில இதைப் போட்டா ஒரு குடம் ஊத்துனா நாலு நாளைக்கு நிக்குமில்லீங்க?"

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. பனியன் வேலை பார்க்கிற எவனுக்கும் சரியாகத்தான் படும். காஜா மொய்தீன்கூட எட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா இஞ்சினியராவல்ல படிச்சிருக்கணும்" என்றார். ஒவ்வொரு குழிக்கும் முழங்கை ஆழத்துக்குத் துணியைத் திணித்து மேலே எருமண்ணைப் போட்டு மூடினோம். விதையை மட்டும் என்னைத் தொட விடவில்லை. "உங்க கையில பவுடர் ஊறிக் கெடக்குது. வெதை வெளுத்துப் போயிரும்" என்று அவளே சாணிப்பாலில் நனைத்து ஊன்றினாள். கைவசம் இருந்த விதை முழுக்க அன்றைக்கே தீர்ந்தது.

முளைப்பு நன்றாக வந்தது. நூர்ஜான் தனியாக வைத்த சுரை இரண்டு இலையில் நிற்கும்போது எங்கள் பீர்க்கு பந்தல் கால் ஏறிவிட்டது. மச்சான் வாராவாரம் வாசலில் நின்று, "மூட்டை வேணுமா அம்மிணி?" என்பார். அவள் வேண்டாம் என்பாள். அது நூர்ஜான் வீட்டுக்குப் போகும். நாங்கள் பருப்பும் புளித்தண்ணியும் துவையலுமாக ஓட்டினோம். கீரை வந்ததும் கீரை. தினமும் கீரை. பட்டறையில் என் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கும் முன்னாலேயே, "கந்தப்பண்ணன் இன்னிக்கும் மேய்ச்சலுக்குக் கெளம்பியாச்சு" என்பார்கள்.

பங்குனி பிறந்து வெயில் ஏறியதும் ஒரு புடலைக்கொடி வாடியது. தண்ணீர் போதவில்லை என்று இன்னொரு குடம் ஊற்றினாள். மறுநாள் அது தொங்கிவிட்டது. அடுத்து ஒரு பீர்க்கு. பிறகு இன்னொன்று. இழுத்துப் பார்த்தேன். பிடிப்பே இல்லாமல் கையோடு வந்தது. கீழே வேர் இல்லை.

குழியைக் கிளறினேன். நாங்கள் வைத்த துணி துணியாக இல்லை. செம்மண் பூசிப் பொருக்குத் தட்டிக் கிடந்தது. உடைத்தால் உள்ளே வெள்ளையாக நெளிந்தது.

நூர்ஜான்தான் முதலில் சொன்னாள். "கறையான்தான் அக்கா. பருத்தித் துணியில்ல? விருந்து வெச்சுக் கூப்பிட்டிருக்கோம்."

துணியைத் தின்ன வந்தது பக்கத்தில் இருந்த வேரையும் விடவில்லை. மருதம்மாள் கையில் ஒரு பொருக்கை வைத்துக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. "தண்ணியை மட்டும் நெனைச்சேன். தின்ன ஒண்ணு வருமுன்னு நெனைக்கலீங்க" என்றாள்.

எட்டில் ஐந்து குழி போய்விட்டது. மூன்றில் கொடி நின்றது, பூவும் வைத்திருந்தது. அந்த மூன்றிலும் துணி இருந்தது. எடுக்காவிட்டால் இன்றோ நாளையோ கறையான் வரும். எடுக்கலாம் என்றால் வேரெல்லாம் துணிக்குள் பின்னிக் கிடந்தது. இழுத்தால் வேர் அறும்.

"உட்டுரு. வர்றது வரட்டும்" என்றேன். எனக்கு உடம்பு முடியவில்லை. அன்று இரட்டை ஷிப்டு பார்த்துவிட்டு வந்திருந்தேன்.

"உட்டா அண்ணன் மூட்டைதாங்க."

கம்பெனியில் நூல் கத்தரிக்கிற சின்னக் கத்தரியை எடுத்துக்கொண்டு வந்தாள். நான் குழியின் ஓரமாக விரலாலேயே மண்ணைப் பறித்துக் கொடுத்தேன். அவள் குனிந்து படுத்த மாதிரி இருந்துகொண்டு துணியைத் துண்டு துண்டாக வெட்டி எடுத்தாள். வேர் ஓடிய இடத்தை விட்டுவிட்டு இரண்டு பக்கமும் கத்தரித்தாள். வேஸ்ட் இல்லாத நாளில் கம்பெனியில் பிசிறு வெட்டிப் பழகிய கை, வேரில் படவில்லை. நூர்ஜான் தென்னங்கீற்றைப் பிடித்துக் கொடிக்கு நிழல் காட்டினாள். வெட்டி முடித்த குழியில் வேப்பம் புண்ணாக்கும் அடுப்புச் சாம்பலும் போட்டு மண்ணை அணைத்தோம். மூன்று குழி முடியப் பொழுது இறங்கிவிட்டது. அவளால் நிமிர முடியவில்லை. நூர்ஜான் கைகொடுத்துத் தூக்கினாள்.

அந்த வாரம் மச்சான் வந்தபோது விஷயம் அவருக்கு எட்டிவிட்டது. நூர்ஜானுக்கு வாய் நிற்காது.

"எட்டுல அஞ்சு போயிருச்சாமா? சட்டைத் துணியைப் பொதைச்சா மண்ணு என்ன பண்ணும், போட்டுக்கிட்டுத் திரியுமா?" என்று சிரித்தார். அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். குரலை இறக்கி, "போனாப் போவுது கண்ணு. இதுல என்ன ரோசம்? வாங்கிக்க" என்று மூட்டையை நடையில் வைத்தார்.

அவள் மூட்டையைப் பார்த்தாள். முருங்கைக்காய் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. வாங்கிவிடுவாள் என்றே நினைத்தேன். வாங்கினால் தேவலை என்றும் நினைத்தேன்.

"இன்னும் மூணு நிக்குதுங்ணா" என்றாள்.

மூன்றில் ஒன்று வாடிப் போனது. இரண்டு பீர்க்கங்கொடி தழைத்தது. அதிலும் முதல் பிஞ்சுகள் பழுத்து உதிர்ந்தன. பங்குனி முடிகிற வாரம் நான்கு காய் தேறியது. மச்சான் வரும் நாள் தெரியும். காலையில் அவற்றை அறுத்தாள். கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டாள்.

வாசலில் வண்டி நின்றதும், "அண்ணா, இன்னிக்கு நம்மூட்டுல சாப்பிட்டுட்டுத்தான் போறீங்க" என்றாள்.

இலை போட்டு, பீர்க்கங்காய்க் கடைசலும் சோறும் வைத்தாள். தோலைக்கூட வீணாக்காமல் துவையல் அரைத்திருந்தாள். பண்ணையக்காரர் என்பதால் அவர் முதல் வாயிலேயே கண்டுகொண்டார்.

"எளங்காயா அறுத்திருக்கற. நாரே இல்ல."

"இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்க."

போடப் போட அவர் சாப்பிட்டார். சட்டி காலியாவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவரும் பார்த்தார். கடைசியில் இலைமேல் கையை மறித்து, "போதும் அம்மிணி, மாப்ளைக்கு வெய்யி" என்றார்.

"அவருக்கு இருக்குதுங்ணா" என்றாள். இல்லை. துவையல் மட்டும் இருந்தது.

கை கழுவிவிட்டு அவர் புறக்கடைக்குப் போனார். காலியான ஆறு குழிகளையும் பந்தலில் இருந்த இரண்டு கொடிகளையும் பார்த்தார். ஒரு குழியில் ஒட்டியிருந்த துணிச் சிம்பை எடுத்துச் சுவருக்கு அப்பால் எறிந்தார். திரும்பி வந்து, "உங்க நங்கையா ஏதாச்சும் சொன்னாளா?" என்று தன் சம்சாரத்தைப் பற்றி மெதுவாகக் கேட்டார்.

"நங்கையா நல்லா இருக்குதுங்களாண்ணா? கேட்டதாச் சொல்லுங்க" என்றாள் இவள்.

அவருக்கு விளங்கிவிட்டது. பிறகு வாசலில் வண்டியிலிருந்த மூட்டையை இறக்காமல், நூர்ஜான் வீட்டுப் பக்கமும் திரும்பாமல், மார்க்கெட் பக்கம் ஓட்டிக்கொண்டு போனார்.

அந்த வாரம் எங்கள் வீட்டில் காய் இல்லை. பந்தலில் இருந்ததெல்லாம் விரல் நீளப் பிஞ்சு. கீரையும் முற்றிப் பூத்துவிட்டது. நூர்ஜான் வீட்டிலிருந்தும் கிண்ணம் வரவில்லை. எனக்குத் துவையலைப் பார்த்தாலே நாக்கு மரத்தது. மருதம்மாள் இரண்டு உருண்டை அதிகமாகச் சாப்பிட்டாள். சாப்பிட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை அந்த ஆறு குழியையும் அடிமண் வரை எடுத்துக் கொட்டிவிட வேண்டும் என்றாள். மம்முட்டியை நனைத்துக் காம்பை இறுக்கி வைக்கும்படி என்னிடம் சொன்னாள்.