படகு வரைக்கும்

1.

இந்தக் கதை என் வாய்க்கொழுப்பில் பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நடுவில் ஒளித்துவைத்து வாசகரைத் தேடவிடும் சாமர்த்தியமெல்லாம் எனக்குக் கிடையாது.

1983 டிசம்பர். செஞ்சியில் ஒரு பெண்கள் பள்ளி, ஆசிரியர் அறை. நான் தமிழாசிரியை சாமுண்டீஸ்வரி. எதிர் நாற்காலியில் என் சிநேகிதி, உயிரியல் ஆசிரியை அசீசுன்னிசா, ஒன்பதாம் வகுப்புக்காக ஓர் அட்டையில் பவளப்பாறை வரைந்துகொண்டிருந்தாள். பதினோராவது வருடமாக அதே பாறை, அதே ரோஸ் கலர் பென்சில். எனக்கோ பசி வேளை, அப்போது என் நாக்கு சும்மா இருக்காது.

“ஏ அசீசு, பதினோரு வருசமா இத வரையறியே, ஒரு தடவையாவது கண்ணால பாத்திருக்கியா?”

அறையில் எல்லோரும் சிரித்தார்கள். அவள் பென்சிலைக் கீழே வைத்தாள்.

“இல்ல. இனிமே பாக்காம வரையமாட்டேன்.”

கோபத்தில் சொல்கிறாள், நாளைக்குச் சரியாகிவிடும் என்று நினைத்தேன். சரியாகவில்லை. பவளம் வரும் பாடம் மார்ச் முதல் வாரம். அதற்குள் பார்த்தாக வேண்டும், இல்லையென்றால் வகுப்பில் பலகையை வெறுமையாக விட்டுவிட்டு, ஏன் வரையவில்லை என்று பிள்ளைகளிடமே சொல்லிவிடுவேன் என்றாள். சொன்னால் செய்கிற ஆள்.

பத்து நாளில் ஒரு சுற்றறிக்கை வந்தது. மண்டபம் பக்கத்தில் ஒரு தீவுக்கு அறிவியல் ஆசிரியர்களுக்கான ஒருநாள் பயணம். முகத்தில் கண்ணாடி மாட்டிக்கொண்டு, வாயில் ஒரு குழாயை வைத்து மூச்சுவிட்டபடி, தண்ணீரில் குப்புற மிதந்து பவளத்தைப் பார்க்கலாம். நீச்சல் தெரியாதவர்களும் வரலாம். துணைக்கு ஒருவரை அழைத்துவரலாம்.

துணை யார் என்று கேட்கவேண்டுமா? கேள்வி கேட்டவள்தான்.

2.

இது 1987. மூன்று வருடமாக இந்தக் கதையின் தொடக்கத்தை எழுதிக்கொண்டிருக்கிறேன். பழைய விடைத்தாள்களின் பின்பக்கத்தில் கிடப்பவற்றில் இரண்டு:

அ) கடலையே கண்டிராத மலையூரான செஞ்சியில் ஒரு பெண் —

[சிவப்பு மை: யார் கண்டிராதது? பொங்கல் முடிஞ்சா ஊரே புதுச்சேரி கடற்கரையில்தான் நிற்கிறது. பொய். — அ.]

ஆ) அன்று அலைகள் எதையோ எதிர்பார்த்துக் காத்திருந்தன. அவளுக்குத் தெரியாது, அந்தக் கடல் அவளை —

[என்னை மூழ்கடித்தால் உன் கதையைக் கிழித்துப் போடுவேன். — அ.]

சிவப்பு மையில் வருபவை அவளுடையவை. கதாபாத்திரத்திடமே கைப்பிரதியைக் கொடுத்தது என் இரண்டாவது முட்டாள்தனம். ஆனால் அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. தண்ணீருக்குப் பயந்த பெண் தண்ணீருக்குப் போனால் சாகத்தான் வேண்டும் என்று நமக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

3.

தண்ணீருக்குப் பயந்தவளா? ஆமாம், அதைச் சொல்லவில்லை.

அவளுக்கு எட்டு வயதில், அப்பா மல்லாட்டை (வேர்க்கடலை) வாங்கப் பக்கத்து வல்லத்துக்குப் போனபோது கூடப் போயிருக்கிறாள். அங்கே செல்லப்பன் என்பவரின் நிலத்துக் கிணற்றை எட்டிப் பார்த்தாள், விழுந்தாள். செல்லப்பன் குதித்து முடியைப் பிடித்துத் தூக்கினார். அதற்குப் பிறகு அவள் தலையில் மொண்டு ஊற்றிக் குளித்ததில்லை. தோளுக்குக் கீழேதான் தண்ணீர். தலையை அவள் அம்மாவும் பிறகு தங்கையும் துணியால் நனைத்து அலசிவிட்டார்கள். தொழுகைக்கு முன் ஒளு செய்யும்போது முகத்தை மூன்று முறை கழுவவேண்டும். அதை மட்டும் கண்ணை இறுக்கி மூடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு முடித்துவிடுவாள்.

(இந்த இடத்தில் எனக்கு என் பாத்திரத்தின் மேலேயே சந்தேகம் வந்தது. இப்படிப்பட்டவள் கடலுக்குப் போவாளா? வாசகர் நம்புவாரா? நம்பாவிட்டால் போகட்டும், அவள் போனாள்.)

பயணத்துக்கு அறுபது நாள் இருந்தது. அவள் ஒரு திட்டம் போட்டாள். தினமும் காலையில் ஒளு முடிந்ததும், பக்கத்தில் ஓர் அன்னக்கூடை, சோறு கொட்டிவைக்கும் அகலமான பாத்திரம், அது நிறையத் தண்ணீர். அதற்குள் முகம். முதல் நாள் ஒன்று எண்ணும்வரை, இரண்டாம் நாள் இரண்டு. சைக்கிள் கடை வைத்திருக்கும் அவள் கணவர் ரியாசுதீன் பக்கத்தில் நின்று எண்ணுவார். எண்ணிக்கொண்டே, இன்னாத்துக்கு இந்த வம்பு, கடலு எங்கயும் போயிடாது என்பார்.

“கடலு போவாது. பாடம் மார்ச்சுல வந்துடும்.”

பப்பாளி இலைக் காம்பை ஒடித்து, அதைக் குழாய்போல வாயில் வைத்துக்கொண்டு அவள் தண்ணீருக்குள் மூச்சுவிட்டுப் பழகினாள் —

[பப்பாளி உன் கற்பனை. நல்ல யோசனைதான், அப்போதே சொல்லியிருக்கலாம். நான் வெறுமனே மூச்சை அடக்கித்தான் பழகினேன். — அ.]

சரி, பப்பாளியை அடித்துவிடுகிறேன். மூச்சை அடக்கினாள். அறுபதாம் நாள் அறுபது எண்ணும்வரை அடக்கினாள். ஊருக்கே சொல்லலாம்போல எங்களுக்குப் பெருமை. எதைத் தப்பாகப் பழகியிருக்கிறோம் என்று எங்கள் யாருக்கும் தெரியவில்லை.

4.

படகில் ஆறு ஆசிரியர்கள், நான், படகுக்காரர் தங்கராசு. கரையிலிருந்து அரை மணி நேரம். தீவை ஒட்டி, கழுத்தளவு ஆழத்தில் நங்கூரம் போட்டார். தண்ணீர் கண்ணாடியாக இருந்தது. பதினொரு மணிக்கு மேல் காற்று திரும்பிவிடும், தண்ணீர் கலங்கிவிடும், பார்க்கிறவர்கள் அதற்குள் பார்த்துவிட வேண்டும் என்று சொன்னார்.

கணவரின் முழுக்கைச் சட்டை, பைஜாமா, தலையில் இறுக்கிக் கட்டிய துணி, முகத்தில் கண்ணாடி, வாயில் குழாய். அசீசு ஏணியில் இறங்கி, மிதக்கும் லாரி டியூபைப் பிடித்துக்கொண்டாள். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தாள். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, மறைக்கவில்லை.

அறுபது எண்ணியதும் தலையைத் தூக்கினாள். மூச்சு வாங்கி, உப்புத்தண்ணீரைக் குடித்து, இருமி, முகமெல்லாம் நீலம். மறுபடி வைத்தாள், மறுபடி அறுபது. மூன்றாவது முறையும் அதேதான். ஏதாவது தெரிந்ததா என்று கேட்டேன். எண்ணுவதிலேயே புத்தி இருந்ததால் கண்ணைத் திறக்க மறந்துவிட்டதாகச் சொன்னாள்.

“எதுக்கு டீச்சர் மூச்ச அடக்குறீக? கொழாய் எதுக்கு இருக்கு? சும்மா விடுங்க,” என்றார் தங்கராசு.

அவளால் முடியவில்லை. தண்ணீர் முகத்தில் பட்டதும் மூச்சு தானாக நின்றது. அறுபது நாள் உழைத்து அதைத்தானே பழக்கியிருந்தாள். நீச்சலே தெரியாத, எதையும் பழகாத திண்டிவனத்து ஆசிரியர் ஒருவர் பத்து நிமிடமாக மிதந்துகொண்டிருந்தார். மணி பத்தேகால்.

5.

இங்கே கதையை முடிக்கச் சில வழிகள் இருக்கின்றன. எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவு: அவள் படகில் உட்கார்ந்து கடலைப் பார்த்துப் புன்னகைக்கிறாள். முயற்சி செய்ததே பெரிது என்று உணர்கிறாள். [எவள்? — அ.]

அடுத்தது, தங்கராசு முங்கி ஒரு துண்டுப் பவளத்தை எடுத்துவந்து அவள் கையில் வைக்கிறார். இது பாதி நடந்தது. எடுத்துவரட்டுமா என்று அவர் கேட்டார். “கைக்கு வந்தா அது செத்தது. எனக்கு உசுரோட பாக்கணும்,” என்றாள்.

இன்னொன்று, அந்த ‘ஆ’ தொடக்கத்தோடு போய்ச் சேரும் முடிவு. அதைக் கிழித்தது நானேதான்.

6.

நடந்தது இது.

படகில் ஏறினாள். முகக் கண்ணாடியைக் கழற்றவில்லை, குழாயையும் எடுக்கவில்லை. வெயிலில், பலகைமேல் நிமிர்ந்து உட்கார்ந்து, குழாய் வழியாக மூச்சு விட ஆரம்பித்தாள். உஸ், உஸ் என்று சத்தம். மற்றவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. (சிரித்தேன், கொஞ்சம்.) பிறகு ஒரு வாளியில் கடல் தண்ணீர் கேட்டாள். அதில் முகத்தை வைத்து, அதே உஸ். முதலில் மூச்சு நின்றது. தூக்கினாள், வைத்தாள், மறுபடி நின்றது. எத்தனை தடவை என்று நான் கணக்கு வைக்கவில்லை. அரை மணி நேரம் இப்படியே போனது. எல்லோரும் பார்த்து முடித்துப் படகில் ஏறி, கொண்டுவந்த புளிச்சோற்றைப் பிரித்துவிட்டார்கள்.

காற்று லேசாகத் திரும்பியது. தங்கராசு நங்கூரக் கயிற்றில் கைவைத்தார். அவள் எழுந்து நேராக ஏணிக்குப் போனாள். அவர் கயிற்றை விட்டுவிட்டு, தானும் இறங்கி டியூபைப் பிடித்துக்கொண்டார்.

முகம் தண்ணீருக்குள் போனது. எனக்குத் தெரிந்ததெல்லாம் அவள் முதுகும், தண்ணீருக்குமேல் நீட்டிக்கொண்டிருந்த குழாயின் நுனியும்தான். பழக்க தோஷத்தில் எண்ணினேன். ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது, அறுபது.

அறுபத்தொன்று.

எழவில்லை. எழுபது, எண்பது. தங்கராசைக் கத்திக் கூப்பிட்டேன். அவர் குழாயின் நுனியைக் கைகாட்டினார். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். உஸ், உஸ் என்று நிதானமாக வந்துகொண்டிருந்தது. நானூறுக்குமேல் நான் எண்ணவில்லை.

7.

இனி அவள் பார்த்ததை எழுதவேண்டும். அங்கே அவள் கண்டது

அங்கே, ஒளி சாய்ந்து விழுந்த

ரோஸ் நிறத்தில் —

வரவில்லை. மூன்று வருடமாக இங்கேதான் நிற்கிறேன். மார்ச் முதல் வாரம் அவள் பலகையில் வரைந்தாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பழைய அட்டைபோல இல்லை, ரோஸ் கலரையே அவள் தொடவில்லை. பிள்ளைகள் புத்தகத்தில் வேறு மாதிரி இருக்கிறதே என்றார்கள். புத்தகம் வரைந்தவர் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டு மேலே நடத்தினாள்.

என்னதான் பார்த்தாய், சொல்லேன், கதைக்கு வேண்டும் என்று கெஞ்சியும் பார்த்துவிட்டேன்.

“நீ படகுலதான இருந்த? படகு வரைக்கும் எழுது.”

எழுதிவிட்டேன். அன்று எனக்கும் ஒரு கண்ணாடி இருந்தது, ஒரு குழாய் இருந்தது. பைகளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று உட்கார்ந்துவிட்டேன். கிணற்றில் விழாத எனக்கு என்ன பயம் என்று இன்றுவரை தெரியவில்லை.

பிப்ரவரியில் மறுபடி அந்தப் பயணம் வருகிறது. பெயர் கொடுத்துவிட்டேன். இப்போது என் வீட்டுக் கொல்லையில் ஓர் அன்னக்கூடை, தளும்பத் தண்ணீர். பக்கத்தில் பப்பாளிக் காம்பு. பால் வடியவிட்டு, இரண்டு முறை கழுவிவிட்டேன். எட்டாம் பகுதிக்கு ஒரு பக்கம் காலியாக விட்டிருக்கிறேன். பார்த்தவர்கள் நிரப்பிக்கொள்ளலாம். பார்க்காதவர்களும் நானும் தண்ணீரில் முகம் வைத்துவிட்டு வருகிறோம். ஒன்று, இரண்டு —

[எண்ணாதே. மூச்சு விடு. — அ.]