பூந்தமல்லியில் செத்துப்போன ஆள்

வெந்நீர் ஒத்தடம் கொடுத்து முடித்துவிட்டுக் கன்னியம்மா எழுந்து நின்றாள். அவள் புருஷன் துலுக்கானம் கயிற்றுக் கட்டிலின் விளிம்பில் வலது காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தினமும் காலையில் நடக்கிற கூத்துதான். அவள் மடக்கச் சொல்வாள். அவன் விரற்கடை அளவு மடக்குவான். முழங்காலுக்குள் சுருக்கென்று வலி பாயும். இன்றைக்கு இது போதும் என்று படுத்துவிடுவான்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். வெள்ளானூரிலிருந்து ஆவடிப் பட்டாளத்துக் கிடங்குக்குப் பெட்டி தூக்கப் போய்க்கொண்டிருந்தவன், ஐப்பசி மழையில் பலகை வழுக்கி விழுந்தான். முழங்கால் திருகி உள்ளே நார் அறுந்துபோயிற்று. பட்டாளத்து டாக்டர் ஒருவர் அதை இழுத்துத் தைத்தார். ஆறு வாரம் கழித்து மாவுக்கட்டைப் பிரித்த அன்று அவர் சொன்னதைக் கம்பவுண்டர் தமிழில் எடுத்துச் சொன்னார். தினமும் மடக்க வேண்டும். வலிக்கும், வலித்தால் தையல் பிரிகிறது என்று அர்த்தமில்லை. மாசி பிறப்பதற்குள் மடங்காவிட்டால் அப்புறம் எந்நாளும் மடங்காது. மடங்காத காலோடு பெட்டி தூக்க முடியாது, ஏர் ஓட்ட முடியாது. ஏன், தரையில் குந்தி ஒரு வாய் சோறு தின்னக்கூட முடியாது.

முதல் நான்கு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு மடக்கத்தான் செய்தான். அதற்குள் ஊர் அவனைப் பார்க்க வரத் தொடங்கிவிட்டது.

படுத்திருப்பவனைப் போய்ப் பார்க்காமல் இருப்பது நம் ஜனங்களுக்கு ஆகாது. நல்ல வழக்கம்தான். ஆனால் கையில் இரண்டு சாத்துக்குடியோடு வருகிறவர்கள் வாயில் ஒரு பிணத்தையும் கொண்டுவருவார்கள். அடுத்த வீட்டுப் பொன்னியம்மா, கால் அழுகிச் செத்த தன் சித்தப்பாவைக் கொண்டுவந்தாள். கன்னியம்மாவின் அண்ணன் வேம்புலி எல்லோரையும் மிஞ்சிவிட்டான்.

"பூந்தமல்லில ஒருத்தன், மச்சான். வைக்கப்போருல இருந்து உயுந்து, உன்ன மாதிரியே தச்சிகினு வந்தான். சும்மா கெடக்காம மடக்கிப் பாத்தான். உள்ள பட்டுனு பிட்டுக்கிச்சு. மூணாம் நாள் ஆளு காலி. நீ ஆடாம அசையாம படு, நான் கீறேன்."

வேம்புலிக்குத் தங்கை புருஷன் என்றால் உயிர். அன்பாகச் சொன்னதால்தான் அது துலுக்கானத்தின் நெஞ்சில் அப்படி இறங்கிற்று. அன்று முதல், சுருக்கென்றால் போதும், தையல் பிரிகிற சத்தமே அவன் காதில் கேட்டது. கன்னியம்மா கெஞ்சினாள், சண்டை போட்டாள், ஒருநாள் அழுதும் பார்த்தாள். தான் செத்துப்போனால் என்ன செய்வாய் என்று அவன் கேட்டதும் அவளும் அன்றைக்கு அதற்குமேல் வற்புறுத்தவில்லை.

தை பாதி போய்விட்டது. அறுப்பு முடிந்து களமெல்லாம் வைக்கோல். அதை வாங்க வந்த வண்டிக்காரர் ஒருவர், ஒரு காலை விறைப்பாக நீட்டியபடியே வண்டியிலிருந்து சறுக்கி இறங்கி, துலுக்கானத்தின் வாசலில் வந்து தண்ணீர் கேட்டார். கட்டிலில் கிடந்தவனின் தழும்பைப் பார்த்ததும் சொம்பைக் கீழே வைத்துவிட்டுத் தன் வேட்டியை விலக்கிக் காட்டினார். அதே இடத்தில் அதே தழும்பு.

கன்னியம்மா விசாரித்தாள். பெயர் மணவாளனாம், பூந்தமல்லியாம். நாலு வருஷத்துக்கு முன்னால் வைக்கோல்போரிலிருந்து விழுந்தாராம்.

கட்டிலருகே சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்த வேம்புலியின் கை அப்படியே நின்றுவிட்டது. துலுக்கானம் எழுந்து உட்கார்ந்தான். மடக்கினபோது தையல் பிய்த்துக்கொண்டதா என்று மெதுவாகக் கேட்டான்.

"எங்க மடக்குனேன், நைனா?" என்றார் மணவாளன். "டாக்டரு மடக்குன்னாரு. பாக்க வந்தவங்க வாணாம்னாங்க. அம்பத்தூர்ல எவனோ மடக்கி செத்துட்டான்னு சொன்னாங்க. பயந்துகினு நாலு மாசம் அப்படியே படுத்துனு கெடந்தேன். தையல் நல்லாத்தான் கீது. காலுதான் கட்டையாப் பூட்ச்சு."

வைக்கோல் ஏற்றியானதும் அவரை வண்டியில் ஏற்ற ஆள் வேண்டியிருந்தது. வேம்புலிதான் போய்த் தூக்கிவிட்டான். தான் சாகடித்த மனிதரின் கனத்தைத் தோளில் தாங்கிவிட்டுத் திரும்பியவன், முகத்தைத் தூக்காமல் கட்டிலடியில் உட்கார்ந்து மச்சானின் பாதத்தைக் கையில் ஏந்திக்கொண்டான்.

"அந்த ஆள நான் பாத்ததே இல்ல, மச்சான். யாரோ சொன்னாங்க, நானும் சொன்னேன். மடக்கு. நான் புட்ச்சிகினு கீறேன்."

துலுக்கானம் மடக்கினான். வலி வந்தது. கண்ணில் தண்ணீர் முட்டியது. நீட்டாமல் பொறுத்திருந்து பார்த்தான். வந்த வலி சற்று நின்று, அதுவாகவே தணிந்தது. உள்ளே எதுவும் பிரியவில்லை. இத்தனை நாளும் இல்லாத ஒன்றுக்கா பயந்தோம் என்று அவனுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. அந்தக் கோபத்திலேயே இன்னும் இரண்டு விரற்கடை மடக்கினான்.

மறுநாள் சாயங்காலம் பொன்னியம்மா மறுபடி சாத்துக்குடியோடு வந்தாள். மடங்குகிற காலைப் பார்த்ததும் பதறிப்போய், தன் சித்தப்பா கதையை ஆரம்பித்தாள். வேம்புலி எழுந்துபோய்ப் பழத்தை வாங்கிக்கொண்டான்.

"பயத்த வாசல்லியே வுட்டுட்டு வா, அக்கா. படுத்துனு கீறவன பாக்க வந்தா தெம்பு குடுக்கணும். அது முடியலியா, வாய மூடிகினு பக்கத்துல குந்தணும். அந்தப் பூந்தமல்லிக்காரரு காலு வலியால போவல, நம்மள மாதிரி ஆளுங்க வாயாலதான் போச்சு."

பொன்னியம்மா வாயை மூடிக்கொண்டு கட்டிலருகே குந்தினாள். துலுக்கானம் அன்றைக்குப் பதினோராவது தடவையாக முழங்காலை மடக்கினான்.